படகில் சுற்றிய சிலிகான் டேப் அவிழ்ந்து வருகிறது. எப்படிச் சுற்றுவது, எங்கே சுற்றலாம்?

தெற்குவாடி நாட்டுப்படகு எழுதியது:

வணக்கம். பாம்பன் தெற்குவாடியில் எங்களுக்கு ஒரு ஃபைபர் நாட்டுப்படகு இருக்கிறது. அப்பாவும் சித்தப்பாவும் கடலுக்குப் போகிறார்கள். கடலில் பேசுகிற வயர்லெஸ் செட், பேட்டரி, வயர் வேலை எல்லாம் என் பொறுப்பு.

பிரச்சினை இரண்டு. ஒன்று, கம்பத்து உச்சியில் இருக்கிற விஎச்எஃப் (வயர்லெஸ் செட்) ஆன்டெனாவின் கனெக்டர். எவ்வளவு கருப்பு டேப் சுற்றினாலும் ஒரு கோடை தாண்டுவதில்லை. வெயிலில் பசை உருகி வழிந்து டேப் தளர்ந்துவிடுகிறது. பிரித்துப் பார்த்தால் கனெக்டர் பச்சை பூத்துக் கிடக்கிறது. கரைக்குப் பக்கத்தில் பேச்சு தெளிவாகக் கேட்கிறது, கொஞ்சம் தூரம் போனதும் வெறும் இரைச்சல்தான். இரண்டாவது, இன்ஜினுக்குக் கடல் தண்ணீர் எடுக்கிற ஹோஸில் வளைவுக்குப் பக்கத்தில் மெல்லிய வெடிப்பு. புது ஹோஸுக்குச் சொல்லியிருக்கிறோம். வரும்வரை ஏதாவது செய்தாக வேண்டும்.

ராமநாதபுரத்தில் ஒரு கடையில் சிலிகான் டேப் என்று கொடுத்தார்கள், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளுமாம். தொட்டால் பசையே இல்லை. நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கிறது, அதை உரித்துக்கொண்டே சுற்ற வேண்டும் என்றார்கள். ஹோஸில் சுற்றினோம். மறுநாள் பார்த்தால் ஓரத்திலிருந்து சுருள் சுருளாக அவிழ்ந்து தொங்குகிறது. சரக்கு மோசமா, இல்லை சுற்றுகிற முறையே வேறா? டீசல் குழாயிலும் இதைப் போடலாமா? வாடை தொடங்குவதற்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம் மரைன் மெக்கானிக் எழுதியது:

தம்பி, ஹோஸை மட்டும் பற்றிச் சொல்கிறேன். வெடிப்பு எந்தப் பக்கம் என்று முதலில் பார். பம்பு தள்ளுகிற பக்கம் என்றால் தண்ணீர் பீச்சும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சுகிற பக்கம் என்றால் இன்ஜின் ஓடும்போது ஒரு சொட்டுகூட வெளியே வராது. அதற்குப் பதில் காற்று உள்ளே போகும். தண்ணீர் குறைந்து பம்புக்குள் இருக்கிற ரப்பர் இம்பெல்லர் சிதையும், அப்புறம் இன்ஜின் சூடாகும். அந்த ஹோஸ் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் மோசம், இன்ஜின் நின்றிருக்கும்போது கடல் படகுக்குள் வரும். கடல் தண்ணீர் உள்ளே வருகிற வழியில் இருக்கிற அடிவால்வை மூடிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

வெடிப்பு நுனிக்குப் பக்கத்தில் இருந்து ஹோஸ் நீளமும் இருந்தால், அந்தத் துண்டை அறுத்து எறிந்துவிட்டு மீதியை ஏற்றி எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) கிளிப் இரண்டு போடு. டேப்பே தேவைப்படாது. நடுவில் என்றால் சுற்றிக்கொள், ஆனால் அது கரை திரும்புவதற்கு மட்டும். அதை நம்பி வலை போடப் போகாதே.

அவசரத்துக்கு டீசல் லைனிலும் சுற்றலாம். நான் பார்த்திருக்கிறேன், கரை வரை நின்றது.

கீழக்கரை கேபிள் ஜாயிண்டர் எழுதியது:

நான் சவூதியில் கேபிள் ஜாயிண்டராக வேலை பார்த்து ஊர் திரும்பியவன். சிலிகான் டேப்பும் கருப்பு ரப்பர் டேப்பும் தினமும் கையில் புழங்கியவை. தம்பி கேட்ட கேள்வி நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உன் டேப் நல்ல சரக்கு போலத்தான் தெரிகிறது. நடுவில் தாள் இருப்பதே அடையாளம். அந்தத் தாள் இல்லாவிட்டால் சுருள் கடையில் இருக்கும்போதே ஒரே கட்டியாகிவிடும். விரலில் ஒட்டாது, இரும்பில் ஒட்டாது, உன் ஹோஸிலும் ஒட்டாது. அது ஒட்டுகிற ஒரே பொருள் அந்த டேப்பேதான். அதன் உடம்பு சிலிகான் ரப்பர், அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. அதில் சிறிதளவு போரான் சேர்மம் கலந்திருக்கிறார்கள். ஒரு சுற்று இன்னொரு சுற்றின் மேல் அழுந்தி உட்கார்ந்ததும் இரண்டுக்கும் இடையே இந்தப் போரான் பிணைப்பு போட ஆரம்பிக்கிறது. சில நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் விட்டால் முழுதாக ஒன்றாகிவிடும். அதற்குப் பிறகு பிளேடால் குறுக்கே அறுத்துப் பார், எத்தனை சுற்று சுற்றினாய் என்று எண்ணவே முடியாது. வெட்டுமுகம் ஒரே ரப்பர் வளையமாகத் தெரியும். கோடு கோடாக அடுக்கு தெரிந்தால் அது சரியாகப் பிடிக்கவில்லை.

பசை கிடையாது என்பதால் வெயிலில் உருகி வழிய ஒன்றும் கிடையாது. நீ கம்பத்தில் சுற்றிய கருப்பு டேப் பிவிசி பிளாஸ்டிக். அதன் பசைதான் நம் ஊர் வெயிலுக்கு முதலில் தோற்கும். சிலிகான் சங்கிலியை வெயிலும் உப்புக்காற்றும் லேசில் அசைக்காது. புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காமலிருக்க அடித்திருக்கிற பூச்சு பாலிசிலாக்ஸேன் வகை. அதன் முதுகெலும்பும் இதே சிலிக்கான், ஆக்சிஜன் சங்கிலிதான். 1914இல் திறந்த பழைய பாலம் உப்புக்காற்றில் என்ன பாடுபட்டது என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்தினார்கள். அந்தக் காற்றுதான் உன் கம்பத்து உச்சியிலும் அடிக்கிறது.

இனி, ஏன் அவிழ்ந்தது? பெரும்பாலும் மூன்றில் ஒன்று. இழுக்காமல் சுற்றியிருப்பீர்கள், அல்லது கடைசி நுனி டேப்பின் மேல் முடியாமல் ஹோஸின் மேல் முடிந்திருக்கும், அல்லது கையில் எண்ணெய் இருந்திருக்கும். சூடை மீன் அள்ளிய கையைத் துணியில் துடைத்துவிட்டுச் சுற்றினால் இந்த டேப் பிடிக்கவே பிடிக்காது. மீன் எண்ணெய், கிரீஸ், காய்ந்த உப்புத்தூள், மணல் எதுவானாலும் இரண்டு சுற்றுக்கு நடுவே போய் உட்கார்ந்தால் பிணைப்பு விழாது. சோப்புப் போட்டுக் கை கழுவு. சுற்றப் போகிற இடத்தை நல்ல தண்ணீரால் கழுவி, உலர்த்தி, ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு முறை துடை. கடல் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் உப்பு அங்கேயே நிற்கும்.

ஆன்டெனா கனெக்டருக்கு நான் செய்வது இப்படி. முதலில் பச்சை பூத்த கனெக்டரை அப்படியே மூடிவிடக் கூடாது. அதை வெட்டி எடுத்துவிடு. மூடினால் உப்பும் ஈரமும் உள்ளேயே இருந்து வேலை செய்யும். விஎச்எஃப் செட்டுக்கு வருகிற பிஎல்-259 கனெக்டர் தண்ணீர் புகாத வகை கிடையாது, மூடுவது நம் வேலை. புதுக் கனெக்டரை இறுக்கிய பிறகு, கேபிளின் மேலுறையில் கனெக்டருக்கு ஒரு சாண் கீழேயிருந்து ஆரம்பி. முதல் சுற்று அதே இடத்தில் தன் மேலேயே முழுதாக விழட்டும். அதுதான் பிடிமானம், இழுவை இங்கே வேண்டாம். அடுத்த சுற்றிலிருந்து டேப்பை இரண்டு மடங்கு, முடிந்தால் இரண்டரை மடங்கு நீளும் அளவுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு, முந்தைய சுற்றில் பாதியை மறைத்தபடி மேலே ஏறு. சில டேப்பில் நடுவே ஒரு கோடு இருக்கும், அடுத்த சுற்றின் ஓரம் அந்தக் கோட்டில் வந்தால் பாதி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். தாளை ஒரேயடியாக உரித்துப் போடாதே. காற்றில் பறந்து தன் மேலேயே ஒட்டிக்கொண்டால் அந்தத் துண்டு குப்பைதான். சுற்றச் சுற்ற ஒரு முழம் உரித்தால் போதும்.

கீழிருந்து மேலே ஏறச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அப்போதுதான் மேல் சுற்றின் ஓரம் கீழ்ச் சுற்றின் மேல் விழும், கூரையில் ஓடு வேய்ந்த மாதிரி. மழைத்தண்ணீர் வழிந்து போகும், இடுக்கில் நிற்காது. கனெக்டர் தடித்தும் கேபிள் ஒல்லியுமாக இருக்கிற தோள்பட்டையில் இழுவையைக் குறைத்து நெருக்கமாகச் சுற்று. அந்த இடத்தில்தான் காற்றுப் பை நின்றுவிடும், கட்டைவிரலால் அழுத்தி விடு. ஆன்டெனாவின் அடிப்பகுதிவரை போய், திரும்பக் கீழே வந்து, மறுபடி மேலே ஏறி முடி. கடைசி ஒரு சுற்றை இழுக்காமல் டேப்பின் மேலேயே படியவைத்து அரை நிமிடம் உள்ளங்கையால் பொத்திப் பிடி. இழுத்த நிலையில் நுனியை விட்டால் அது சுருங்கத்தான் பார்க்கும். உன் ஹோஸில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேபிள் செட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் கீழே தொங்குகிற மாதிரி ஒரு வளைவு விடு. டேப்பைத் தாண்டி எந்தச் சொட்டு வந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும், செட்டுக்குள் போகாது. செட்டில் ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனல் கேட்கவில்லை என்றால் படகில் இருப்பவர்கள் ஆபத்தில் கூப்பிடவும் முடியாது, கூப்பிடுகிறவனுக்குப் பதில் சொல்லவும் முடியாது. அதற்காகத்தான் இந்த ஒரு மூட்டுக்கு இவ்வளவு எழுதுகிறேன்.

கனெக்டருக்குள் போடுகிற சிலிகான் கிரீஸ் வெளிப்பக்கம் வழிந்திருந்தால் துடைத்துவிட்டுச் சுற்று. அதன் மேல் டேப் வழுக்கும்.

ஹோஸுக்கும் இதே முறைதான். இன்ஜினை நிறுத்தி, அழுத்தம் இறங்கி, தண்ணீர் வடிந்த பிறகு சுற்று. வெடிப்புக்கு இரண்டு பக்கமும் மூன்று விரல் அகலம் கூடுதலாகப் போ. வெடிப்புக்கு நேர் மேலே நன்றாக இழுத்து, குறைந்தது நான்கைந்து அடுக்கு வரட்டும். இழுத்த ரப்பர் உள்நோக்கி நெருக்குவதால்தான் தண்ணீர் நிற்கிறது. மற்றபடி மெக்கானிக் அண்ணன் சொன்னது சரி, உறிஞ்சுகிற பக்கம் என்றால் டேப்பை நம்பாதே.

ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணனோடு நான் ஒத்துப்போகவில்லை. டீசல் லைனில் இது வேண்டாம். சிலிகான் ரப்பருக்கு டீசலும் பெட்ரோலும் ஆகாது. எண்ணெயை உறிஞ்சி ஊதிப் பெருகும், கொழகொழவென்று ஆகும், அப்புறம் பிடி விட்டுவிடும். கரை வரை நின்றது என்றால் கரை பக்கத்தில் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்ஜின் சூட்டில் டீசல் சொட்டினால் தீ. ஃபைபர் படகில் தீப்பிடித்தால் ரெசினும் சேர்ந்து எரியும், சுற்றிலும் கடல். இன்ஜெக்ஷன் பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகிற இரும்புக் குழாய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய வகை இன்ஜினிலேயே அதில் நூறு பாருக்கு மேல் அழுத்தம் போகும். ஊசித்துளை விழுந்தால் வருகிற பீச்சு தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. அட்டைத் துண்டை நீட்டிப் பார். அந்தப் பீச்சு உடம்பில் பட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், வலி இல்லை என்று வீட்டில் உட்காரக் கூடாது.

மண்டபம் மரைன் மெக்கானிக் எழுதியது:

கீழக்கரை காக்கா (அண்ணன்) சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். நான் சொன்னது டேங்கிலிருந்து வருகிற சாதாரண ரப்பர் லைன், பிரஷர் பைப் இல்லை. ஆனாலும் இதைப் படிக்கிற பையன்களுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. டீசல் லைனுக்கு உரிய ஹோஸ் ஒரு முழமும் கிளிப் நான்கும் பெட்டியில் போட்டுவைத்தால் போதும், செலவு பெரிதில்லை. புகைக்குழாயிலும் சுற்றாதீர்கள். தண்ணீர் கலக்காத காய்ந்த புகைக்குழாய் என்றால் அந்தச் சூடு இந்த டேப் தாங்குகிற அளவைத் தாண்டிவிடும்.

கீழக்கரை கேபிள் ஜாயிண்டர் எழுதியது:

நன்றி அண்ணே. அளவையும் சொல்லிவிடுகிறேன். நல்ல சிலிகான் டேப் 260 டிகிரி செல்சியஸ் வரை என்று அட்டையில் போட்டிருக்கும். சுமை இழுக்கிற டீசல் இன்ஜினின் புகை அதற்கு மேலே போகும். ரேடியேட்டர், கூலிங் ஹோஸ் சூடெல்லாம் இதற்கு ஒன்றுமே இல்லை.

பெரியபட்டினம் தோட்டம் எழுதியது:

காக்கா, நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் தென்னந்தோப்பு போர்வெல்லில் சப்மெர்சிபிள் மோட்டார். மோட்டாரில் இருந்து வருகிற குட்டை வயரை மேலே போகிற கேபிளோடு சேர்த்திருக்கும் மூட்டு தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்த மூட்டில் ஷார்ட் ஆகி மோட்டாரைத் தூக்க வேண்டியிருக்கிறது. தண்ணீரும் உவர். இந்தச் சிலிகான் டேப்பைச் சுற்றினால் தீருமா? 8,000 வோல்ட் தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது.

கீழக்கரை கேபிள் ஜாயிண்டர் எழுதியது:

தங்கச்சி, அந்த 8,000 வோல்ட் பொய்யில்லை. 0.5 மில்லிமீட்டர் தடிமன் டேப் ஒரு அடுக்குக்கு அவ்வளவு தாங்கும் என்பது சோதனைக் கூடத்தில், காய்ந்த, சுத்தமான டேப்பில் எடுத்த அளவு. அதை நம்பி ஓடுகிற லைனில் யாரும் கை வைத்துவிடக் கூடாது. உங்கள் மூட்டுக்குப் பிரச்சினை வோல்ட்டேஜ் இல்லை, தண்ணீர். சிலிகான் ரப்பர் சொட்டுத் தண்ணீரை நன்றாகத் தடுக்கும், ஆனால் நீராவியைக் கடத்துகிற குணம் அதற்கு மற்ற ரப்பர்களைவிட அதிகம். மழை நனைந்து மறுபடி காய்கிற இடத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. எப்போதும் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிற மூட்டில் மெல்ல மெல்ல ஈரம் உள்ளே போய்ச் சேரும்.

உங்களுக்கு வேண்டியது இன்னொரு வகை. அதுவும் இழுத்துச் சுற்றினால் தன்னோடு ஒன்றாகிற டேப்தான், ஆனால் எத்திலீன் புரொப்பிலீன் ரப்பர். கருப்பாக இருக்கும், அதற்கும் நடுவில் தாள் இருக்கும். த்ரீஎம் ஸ்காட்ச் 23 அந்த வகை, ஸ்காட்ச் 70 சிலிகான் வகை. கடையில் இரண்டையும் ஒரே பெயரில் கேட்டால் ஏதாவது ஒன்றைக் கொடுப்பார்கள், அதனால் எதற்கு என்று சொல்லிக் கேளுங்கள். மூன்று வயரின் மூட்டும் ஒரே இடத்தில் வராமல் ஏணிப்படி மாதிரி தள்ளித் தள்ளி வரும்படி வெட்டுங்கள். ஃபெருல் (வயர் நுனிகளை இணைக்கிற உலோகக் குழல்) போட்டு நன்றாக நசுக்கிய பிறகு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ரப்பர் டேப், மேலே பிவிசி டேப், கடைசியில் மூன்றையும் சேர்த்து ஒரு சுற்று. அதைவிட நல்லது, உள்ளே பசை தடவிய வெப்பச்சுருக்க உறை கொண்ட சப்மெர்சிபிள் மூட்டு கிட். சூடாக்கினால் பசை இளகி இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். இறக்குவதற்கு முன்னால் மூட்டை ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு மெக்கரில் (மின்கசிவு சோதிக்கிற மீட்டர்) இன்சுலேஷன் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு வேலையைப் பல பேர் விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் மோட்டாரைத் திரும்பத் தூக்க வேண்டி வருகிறது.

அந்தக் கருப்பு ரப்பர் டேப்பை வெயிலில் மட்டும் வெறுமனே விடாதீர்கள், வெடித்துப் போகும். அதனால்தான் அதற்கு மேலே பிவிசி சுற்றுகிறோம்.

தெற்குவாடி நாட்டுப்படகு எழுதியது:

காக்கா, அண்ணே, இருவருக்கும் நன்றி. ஹோஸில் வெடிப்பு தள்ளுகிற பக்கம்தான். கை கழுவி, இழுத்து, நுனியை டேப்பின் மேலேயே முடித்துச் சுற்றியாயிற்று. இப்போது நகத்தால் கிள்ளினாலும் ஓரம் பிரியவில்லை. கரையிலேயே இன்ஜினை ஓட்டிப் பார்த்தோம், கசிவு இல்லை. புது ஹோஸ் வரும்வரை படகை இறக்குவதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஆன்டெனா கேபிளை வெட்டியபோது இன்னொரு சிக்கல். மேலுறைக்குள் இருக்கிற பின்னல் கம்பி கருப்பாக இருக்கிறது. ஒரு சாண் வெட்டினேன், இன்னமும் கருப்பு. எவ்வளவு தூரம் வெட்டுவது?

கீழக்கரை கேபிள் ஜாயிண்டர் எழுதியது:

பளபளப்பு வரும்வரை வெட்டு தம்பி. பின்னல் கம்பி திரி மாதிரி தண்ணீரை உறிஞ்சி உள்ளே கொண்டு போகும். ஒரு சின்ன இடுக்கில் புகுந்த உப்புத்தண்ணீர் வெகுதூரம் போயிருக்கும். இரண்டு முழம் வெட்டியும் கருப்பு என்றால் கேபிளையே மாற்றிவிடு. கருத்த பின்னலில் கனெக்டரை ஈயம் வைத்து ஒட்டினாலும் சரியாகப் பிடிக்காது, அதன் மேல் எந்த டேப்பும் பயன் தராது. புதிதாக வாங்கும்போது வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி இருக்கிற கேபிள் கேள். விலை கூடுதல்தான், இந்தக் கடலுக்கு அதுதான் நிற்கும்.

படகில் பெயின்ட் அடிக்கவோ ஃபைபர் ஒட்டவோ போகிற இடத்தில் சிலிகான் பொருள் எதையும் தேய்க்காதே. அங்கே பெயின்ட் குழி குழியாக விலகும். கம்பத்துக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு, காய்ந்த பிறகு டேப் சுற்று.

தெற்குவாடி நாட்டுப்படகு எழுதியது:

கேபிளையே மாற்றிவிடுகிறோம் காக்கா. கடைசியாக ஒன்று. படகுப் பெட்டியில் இருப்புக்கு ஒரு சுருள் போட்டுவைக்கலாம் என்று நினைக்கிறேன். கெட்டுப் போகுமா?

கீழக்கரை கேபிள் ஜாயிண்டர் எழுதியது:

உறை பிரிக்காமல் நிழலில் இருந்தால் வருஷக்கணக்கில் இருக்கும். பிரித்ததை ஜிப் கவரில் போட்டு மூடு, ஓரத்தில் தூசி படிந்தால் அந்த இடம் பிடிக்காது. இன்ஜின் பெட்டிக்குள் டீசல் டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்காதே. அதே கவரில் ஒரு பிளேடும் காய்ந்த துணியும் வை. ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் தனியாக இருக்கட்டும். பிளேடு எதற்கென்றால், சுற்றியதைப் பிரிக்கும் வழி அது ஒன்றுதான். நீளவாக்கில் ஒரு கீறல் போட்டால் மொத்த உறையும் பிளந்து வந்துவிடும், கேபிளில் பிசுக்கு ஒட்டாது. கீறும்போது கேபிளின் மேலுறையில் படாமல் பார்த்துக்கொள். டேப்பிலும் அதே கவனம் வேண்டும்: இழுத்து நிற்கிற சிலிகானில் தூண்டில் முள்ளோ கம்பி முனையோ ஒரு கீறல் போட்டால் அங்கிருந்து சரசரவென்று கிழியும். வலை உரசுகிற இடத்தில் சுற்றியிருந்தால் அதன் மேல் பழைய ஹோஸைப் பிளந்து ஒரு கவசமாக மாட்டிக் கட்டிவிடு.